கொசுவலைக்குள் ஏழாம் நம்பர் கட்டை

எனக்குத் தலையாட்டும் பழக்கம் உண்டு. யாராவது என் முகத்தைப் பார்த்து ஏதாவது கேட்டால் தலை தானாகக் கீழே போய் மேலே வரும். அதற்கு ‘சரி’ என்று அர்த்தமில்லை. ‘நீங்கள் பேசியது காதில் விழுந்தது, தயவுசெய்து வேறு பக்கம் பாருங்கள்’ என்றுதான் அர்த்தம். ஆனால் கேட்பவர்கள் அதைச் சரி என்றே எடுத்துக்கொள்கிறார்கள். என் கல்யாணம்கூட அப்படித்தான் நிச்சயமானது. அதில் எனக்கு வருத்தம் இல்லை. என் மனைவிக்கு உண்டா என்று நான் கேட்டதில்லை. கேட்டால் அவள் பதில் சொல்லிவிடுவாள்.

தொண்ணூறுகள் தொடங்கியிருந்த சமயம். வண்டலூர்ப் பக்கம் காப்புக்காட்டில் தீ பரவாமல் இருக்கப் புதர் வெட்டிப் பாதை போடும் கூலி வேலையில் இருந்தேன். தாம்பரத்தில் ஓர் ஆராய்ச்சி அலுவலகத்திலிருந்து ஒரு மேடம் அந்தக் காட்டுக்கு அடிக்கடி வருவார். பை தூக்கவும், ரம்பம் பிடிக்கவும், பட்டுப்போன கிளை எங்கே இருக்கிறது என்று காட்டவும் அவருக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. மேஸ்திரி என்னைக் கைகாட்டி, “இவரைக் கூட்டிக்கினு போங்க மேடம். பேசியே தொல்லை குடுக்கமாட்டாரு” என்றார். நான் தலையாட்டினேன். அன்றிலிருந்து நான் குளவி தேடுகிற ஆள் ஆனேன்.

குளவி என்றால் சுவரில் மண்கூடு கட்டிக்கொண்டு, கிட்டே போனால் கொட்டுகிற ஜாதி என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். மேடம் தேடியது வேறு. காட்டில் பட்டுப்போன மரத்தின் பட்டையில் ஒரு வண்டு முட்டையிடும். அதிலிருந்து வரும் புழு மரத்துக்குள் போய் ஒரு வருடம், இரண்டு வருடம் என்று உட்கார்ந்து தின்றுகொண்டே இருக்கும். வெளியே இருந்து பார்த்தால் கொஞ்சம் மரத்தூள் தெரியும், அவ்வளவுதான். இரண்டு விரல் ஆழத்தில், இருட்டில், சுற்றிலும் சாப்பாட்டோடு இருக்கிற அந்தப் புழுவை யார் என்ன செய்துவிட முடியும் என்று தோன்றும். இந்தக் குளவி செய்துவிடும். சிவப்பு உடம்பு, கறுப்பு இறக்கை, பின்னால் உடம்பைப் போல மூன்று மடங்கு நீளத்துக்குத் தலைமயிர் மாதிரி ஒரு வால். வால் பெண் குளவிக்கு மட்டும்தான். அதை மரத்துக்குள் இறக்கிப் புழுவின் பக்கத்திலேயே முட்டை வைத்துவிட்டுப் போகும். குளவிக் குஞ்சு பொரிந்ததும் அந்தப் புழுவைத் தின்று வளரும்.

இதெல்லாம் மேடம் சொன்னது. ஆனால் அவரால் இதை நிரூபிக்க முடியவில்லை. பறக்கிற குளவியைப் பிடித்திருந்தார். புழுவை வெட்டி எடுத்திருந்தார். இந்தக் குளவி இந்தப் புழுவைத் தின்றுதான் வளர்கிறது என்று காட்ட, புழு இருந்த கட்டையிலிருந்தே குளவி வெளியே வர வேண்டும். இரண்டு வருடமாகக் கட்டைகளை வெட்டிக்கொண்டு போய் வைத்துப் பார்த்தார். வண்டு வந்தது. கரையான் வந்தது. ஒருமுறை பல்லி வந்தது. குளவி மட்டும் வரவில்லை. வருகிற பங்குனிக்குள் ஆராய்ச்சியை எழுதிக் கொடுத்தாக வேண்டும், அதற்குமேல் அவகாசம் இல்லை என்று ஒருநாள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் சொன்னார்.

மழை விட்ட கார்த்திகையில் ஒரு காலை, பட்டுப்போன உசில் மரத்தின் கிளை ஒன்றில் நான் அந்தக் குளவியைப் பார்த்தேன். முன்னால் இருக்கும் இரண்டு மீசைகளாலும் பட்டையைத் தட்டித் தட்டி நடந்தது. புது வீடு வாங்குகிறவர் சுவரைத் தட்டிப் பார்ப்பதுபோல் இருந்தது. ஓர் இடத்தில் நின்றது. திரும்பவும் தட்டியது. பிறகு இடுப்பைத் தூக்கி வாலை நேராக நிறுத்தி மரத்தில் ஊன்றியது. அந்த மயிரிழை அந்தக் கட்டைக்குள் எப்படி இறங்குகிறது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. இறங்கியது.

மேடம் நாற்பது அடி தள்ளி மேட்டில் இருந்தார். கூப்பிட வேண்டும். வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. ஓடிப்போய்ச் சொல்லலாம் என்றால் அதற்குள் குளவி போய்விடுமோ என்று பயம். அப்படியே குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அரை மணி நேரம் கழித்துக் குளவி வாலை உருவிக்கொண்டு பறந்தது. பழைய தீயில் எரிந்த கரித்துண்டு ஒன்று கீழே கிடந்தது. அதை எடுத்து அந்த இடத்தைச் சுற்றி வட்டம் போட்டேன். பிறகு எழுந்து போய் மேடத்திடம் சொன்னேன்.

அவர் வந்து வட்டத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“எவ்வளவு நேரம் இருந்துது?”

“ஒரு அரை மணி இருக்கும் மேடம்.”

“அரை மணி நேரமும் நீங்க பாத்துக்கிட்டேதான் இருந்தீங்களா?”

தலையாட்டினேன்.

“ஒரு குரல் குடுத்திருக்கலாமே. நான் அங்கதான் சும்மா எறும்பைப் பாத்துக்கிட்டு நிக்கறேன்.”

“சத்தம் போட்டா குளவி பயந்துக்கும்னு...”

“அது வேலையில இருக்கும்போது பக்கத்துல இடி விழுந்தாலும் நகராதுங்க. பயந்தது குளவி இல்ல.”

கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் அந்தக் காட்சியை இரண்டு வருடமாகத் தேடிய அவர் பார்க்கவில்லை, தேடாத நான் பார்த்துவிட்டேன். “உங்க பேச்சை நம்பித்தான் இதை வெட்டறேன்” என்றார். “இதுலேர்ந்து குளவி வந்துதுன்னா நீங்க பாத்தது உண்மைன்னு ஆயிடும். என் வேலையும் முடிஞ்சுடும்.” முன்கை நீளத்துக்கு, தொடை கனத்துக்கு அந்தக் கட்டையை அறுத்து எடுத்தோம். ஏற்கெனவே ஆறு கட்டைகள் எடுத்திருந்தோம். அதனால் இதற்குத் தகரத்தில் ஏழு என்று குத்தி ஆணி அடித்தார். அந்த மாதத்தில் பன்னிரண்டு கட்டைகள் சேர்ந்தன.

மார்கழியில் மேடத்தின் அலுவலகக் கட்டடத்தில் கரையானுக்கு மருந்து அடிக்க ஏற்பாடாயிற்று. அந்த நெடி பட்டால் உள்ளே இருக்கிற குளவி செத்துவிடும்.

“ரெண்டு மாசம் உங்க வீட்டுல வச்சுக்க முடியுமா? இடம் இருக்கா?”

நான் தலையாட்டியதை நீங்களே ஊகித்திருப்பீர்கள்.

வீடு ஊரப்பாக்கத்தில். ஒரே காம்பவுண்டுக்குள் வரிசையாக ஐந்து குடித்தனம். ஆளுக்கு ஓர் அறை, ஒரு சமையல் மூலை. கடைசியில் பொதுவாகக் கைப்பம்பு. எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. வீட்டுக்குப் பின்னால் ஓலைத் தாழ்வாரத்தில் பன்னிரண்டு கட்டைகளையும் அடுக்கி, மேடம் கொடுத்த புதுக் கொசுவலையை மேலே கட்டினேன். வெயில் படக்கூடாது, புகை படக்கூடாது, வலை விலகக்கூடாது. தினமும் காலையில் பார்த்து என்ன வந்தது என்று நோட்டில் எழுத வேண்டும்.

என் மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்று பார்த்தாள்.

“கட்டைக்கு கொசுவலை. கட்டிக்கினு வந்தவளுக்கு பனவோலை விசிறி.”

நான் வலையின் கயிற்றை இன்னொரு முடிச்சுப் போட்டேன்.

“எங்கப்பா என்ன வேணும்னு கேட்டப்ப கொசுவலை வேணும்னு சொல்லியிருக்கலாம் இல்ல? சொல்லியிருப்பீங்க. வாய் இருந்தா.”

நோட்டில் நான் எழுதுவதையும் அவள் விடமாட்டாள். ஐந்தாம் வகுப்போடு நின்ற கை என்பதால் எழுத்துக்கூட்டி நிதானமாகத்தான் எழுதுவேன். தினமும் ஒரே வரி. ‘இன்று ஒன்றும் வரவில்லை.’ அவள் தோளுக்குமேல் எட்டிப் பார்த்து, “தெனம் இத்த எழுதறதுக்கு மாசத்துக்கும் சேத்து ஒரே நாள்ல எழுதி வச்சுடுங்க. வந்தா அடிச்சுக்கலாம்” என்பாள்.

பக்கத்துக் குடித்தனக்காரர் ரயில்வேயில் கேங்மேன். உறவில்லாவிட்டாலும் என்னை மச்சான் என்றுதான் கூப்பிடுவார். வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் வலைக்குள் எட்டிப் பார்ப்பார். “இன்னா மச்சான், அல்லாரும் தூங்கிக்கினு கீறாங்களா?”

ஹவுஸ் ஓனர் அம்மா முதல் வீட்டில் இருந்தார். நல்ல மனுஷி. ஆனால் அவருக்கு வருடத்துக்கு ஒருநாள் ஒரு கவலை வரும். போகி அன்று எதிர் காம்பவுண்டுக்காரர்கள் போடுகிற தீ எங்கள் காம்பவுண்டுத் தீயைவிட உயரமாக எரிந்துவிடக்கூடாது. ஆகையால் போகிக்கு ஒரு வாரம் முன்பே வீடு வீடாக வந்து கிழிந்த பாய், பழைய முறம், துடைப்பக்கட்டை எல்லாம் என்ன இருக்கிறது என்று விசாரிப்பார். அந்த வருடம் எங்கள் வரிசையில் சரக்கு குறைவு. எல்லாரும் பிளாஸ்டிக் சாமானுக்கு மாறியிருந்தார்கள். எதிரிலோ ஓர் ஓலைக் கூரையையே பிரித்துக் குவித்து வைத்திருந்தார்கள்.

போகிக்கு முதல் நாள் கைப்பம்பில் நான் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தபோது அந்த அம்மா வந்தார்.

“இன்னா தம்பி, பின்னால உளுத்துப்போன கட்டைங்க கீதே, காலைல போகிக்கு எடுத்துக்கவா?”

‘வேண்டாம்’ என்று என் வாய் வரைக்கும் வந்தது. அது மேடத்தினுடையது, உள்ளே குளவி இருக்கிறது, அந்தக் குளவி புழுவுக்குள் இருக்கிறது, இல்லை, புழுவின் பக்கத்தில் இருக்கிறது என்று எங்கிருந்து ஆரம்பிப்பது என்று யோசித்தேன். யோசிக்கும்போது தலை தன் வேலையைச் செய்துவிட்டது. அந்த அம்மா சந்தோஷமாகப் போய்விட்டார். காலையில் பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். எல்லாவற்றையும் நான் காலையில்தான் பேசுவதாக இருப்பேன்.

போகி அன்று விடிகிற நேரத்தில் குடத்தோடு பம்புக்குப் போனேன். பனியும் புகையும் ஒன்றாகிக் கிடந்தன. தெருவெல்லாம் போகி மேளம். எனக்கு முன்னால் பெண்கள் வரிசை நீளம் என்பதால் நேரமாகிவிட்டது. திரும்பி வந்தால் தாழ்வாரத்தில் கட்டைகள் இல்லை. கொசுவலை மட்டும் அழகாக மடித்து வைத்திருந்தது.

மனைவி வாசல் பெருக்கிக்கொண்டிருந்தாள். “நீங்க சரின்னீங்களாமே. ஓனரம்மா சொன்னாங்க. நான்கூட கேட்டேன், அவரா, வாயத் தொறந்தாரான்னு. தலையாட்டினாருன்னாங்க.” அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள். துடைப்பத்தைக் கீழே போட்டாள். “ஐயோ, அது சும்மா ஆட்டின தலையா?”

நான் ஓடினேன். காம்பவுண்டு வாசலில் தீ இடுப்பு உயரத்துக்கு எரிந்துகொண்டிருந்தது. அதன் நடுவில் என் கட்டைகள். தகரத் துண்டுகள் சுருண்டு மின்னின. கேங்மேன் கையில் இன்னொரு கட்டையை வைத்துக்கொண்டு, அதை எங்கே போட்டால் தீ எதிர்வீட்டைவிட உயரும் என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது ஒரு சத்தம் கேட்டது. “ஏய், ஏழு, ஏழாம் நம்பர்.” யார் இப்படிக் கத்துகிறார்கள் என்று நானும் மற்றவர்களோடு சேர்ந்து ஒரு கணம் யோசித்தேன். நான்தான்.

மேளம் நின்றது. எதிர் காம்பவுண்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் குடத்துத் தண்ணீரைத் தீயின் ஓரத்தில் கவிழ்த்துவிட்டுக் கையை உள்ளே விட்டேன். ஒரு கட்டை வந்தது, பத்து. இன்னொன்று, மூன்று. “மச்சான் பேசறாரு” என்றார் கேங்மேன், ஏதோ சுவர் பேசியதுபோல. பிறகு கையிலிருந்த கட்டையைத் தூர எறிந்துவிட்டு, தண்டவாளத்துச் சல்லியை வாருகிற முள்வாரியைக் கொண்டுவந்து தீயைக் கிளறினார். அடியிலிருந்து ஏழு உருண்டு வந்தது. ஒரு பக்கம் முழுக்கக் கருகிப் புகைந்துகொண்டிருந்தது. அவர் தூர எறிந்தது பன்னிரண்டு. மற்ற எட்டும் போய்விட்டன.

ஓனர் அம்மா திகைத்து நின்றார். “நீதானே தம்பி தலையாட்டின?”

“அவரு எல்லாத்துக்கும் ஆட்டுவாருக்கா” என்றாள் என் மனைவி. சுட்டுக்கொண்ட என் உள்ளங்கையில் இட்லி மாவைத் தடவிக்கொண்டே சொன்னாள். “பூம்பூம் மாட்டுக்காவது அரிசி போட்டாத்தான் ஆட்டும்.”

அந்த வருடம் எதிர் காம்பவுண்டுத் தீதான் உயரம்.

இனி பொங்கல் முடிந்து மேடம் வருவார். நான்கு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. கரித்துண்டால் போட்ட வட்டம் முழுக் கரியில் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. ஆனால் அதற்கு ஒரு விரல் கீழே கணு ஒன்று இருந்தது. அதை வைத்து இடத்தைக் கண்டுபிடித்தேன். கருகிய பக்கம் சுவரைப் பார்க்கும்படி திருப்பி வைத்தேன். மனைவி, “பவுடர் ஒண்ணுதான் பாக்கி. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வரப்ப போட்டுடலாம்” என்றாள். ஆனால் வலையை மறுபடி கட்டியது அவள்தான்.

காணும் பொங்கல் முடிந்த மறுநாள் மேடம் வந்தார். வண்டலூருக்கு மிருகங்களைப் பார்க்க வந்த கூட்டம் இன்னும் பஸ்ஸில் மிச்சம் இருந்ததாகச் சொல்லிச் சிரித்துக்கொண்டே வந்தவர், வலைக்குள் எண்ணிப் பார்த்து நிறுத்தினார்.

“நாலுதானே இருக்கு. மீதி எட்டு எங்க?”

நான் ஏதோ முணுமுணுத்தேன். அவர் ஏழாம் நம்பரை எடுத்துத் திருப்பினார்.

“இது ஏன் இப்படி இருக்கு?”

“கொஞ்சம் வெயில் பட்டுடுச்சு மேடம்.”

“எந்த ஊர் வெயில்?”

உள்ளே பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றுவிட்டது. என் மனைவி கதவுக்குப் பின்னால் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறாள் என்று தெரிந்தது. வேறு வழியில்லாமல் சொன்னேன். கைப்பம்பிலிருந்து ஆரம்பித்தேன். தலையாட்டியதைச் சொன்னேன், கத்தியதைச் சொன்னேன், எது எது எங்கே கருகியது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவ்வளவு நேரம் நான் ஒருவரிடம் தொடர்ந்து பேசியது அதுதான் முதல் தடவை.

மேடம் ரொம்ப நேரம் கட்டையைத் தடவிக்கொண்டிருந்தார். அவர் கண் கலங்கியதா என்று நான் பார்க்கவில்லை. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தார். என்னை வேலையிலிருந்து நிறுத்தும் காகிதம் என்று நினைத்தேன்.

“நீங்க சொன்னதத்தான் எழுதறேன். எத்தனை எரிஞ்சுது, எத்தனை தப்பிச்சுது, எப்படி, எல்லாம். நடந்தது அத்தனையும் எழுதணும். நல்லதை மட்டும் எழுதினா அது ஆராய்ச்சி இல்ல, கல்யாணப் பத்திரிகை.” கொஞ்சம் நிறுத்தி, “இந்தக் குரலைக் கார்த்திகையிலயே குடுத்திருந்தா நானும் அந்தக் குளவியப் பாத்திருப்பேன்” என்றார்.

கிளம்பும்போது நோட்டின் கடைசிப் பக்கத்தில் அலுவலக டெலிபோன் நம்பரை எழுதினார். “குளவி வந்தா உடனே போன் பண்ணுங்க. அது எந்த ஓட்டையிலேர்ந்து வந்துதுன்னு இந்தத் தடவை நானே பாக்கணும்.”

தை முழுவதும் ‘இன்று ஒன்றும் வரவில்லை’ என்றே எழுதினேன். மாசியில் மூன்றாம் நம்பரிலிருந்து வண்டு வந்தது. அது வெளிவந்த ஓட்டையில் என் சுண்டுவிரல் போகும். பத்திலிருந்தும் வண்டு. பன்னிரண்டில் ஒன்றும் இல்லை. ஏழு அப்படியே கிடந்தது. உள்ளே எல்லாம் வெந்துபோயிருக்கும் என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்தது. ஓனர் அம்மா தினமும் காலையில் வந்து, “இன்னா தம்பி, அந்த மேடம் பொண்ணு படிப்பு கெட்டுடுமா?” என்று கேட்டுவிட்டுப் போவார். யாராவது தாழ்வாரத்துப் பக்கம் அடுப்பு மூட்டினால் அவரே வந்து அணைப்பார். கேங்மேன் மட்டும் மாறவில்லை. “இன்னா மச்சான், பத்து மாசக் கணக்கா?”

மாசி முடிய இரண்டு நாள் இருக்கும்போது, காலையில் நான் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். என் மனைவி வந்து என் முதுகில் தட்டினாள். அவள் மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை. அன்று மெதுவாகப் பேசினாள்.

“வாங்க. செவப்பா ஒண்ணு.”

வலையின் உள்பக்கம், மேல் மூலையில் ஒட்டிக்கொண்டிருந்தது. சிவப்பு உடம்பு, கறுப்பு இறக்கை, நீள வால். கட்டையில் கணுவுக்கு ஒரு விரல் மேலே, கரிக்கு நடுவில், தீக்குச்சி நுழைகிற அளவுக்குப் புதிதாக ஒரு ஓட்டை.

சட்டையை மாட்டிக்கொண்டு நெடுஞ்சாலைக்கு ஓடினேன். டீக்கடைக்குப் பக்கத்தில் புதிதாக எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தார்கள். அதுவரை நான் போனில் பேசியதில்லை. பூத்காரர் நம்பரைப் போட்டு ரிசீவரைக் கையில் கொடுத்தார். எட்டு மணிக்கே மேடம் இருந்தார்.

“ஹலோ, யார் பேசறது?”

நான் தலையாட்டினேன்.

“ஹலோ?”

பூத்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “அண்ணா, தலையாட்டினா அந்தப் பக்கம் தெரியாதுண்ணா. பேசணும்.”

பேசினேன். போகி அன்று வந்த அதே குரல் என்று நினைக்கிறேன். டீக்கடை முழுவதும் திரும்பியது. “மேடம், வந்துடுச்சு.”

அந்தப் பக்கம் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. பிறகு, “ஏழா?” என்றார்.

“ஏழுதான் மேடம். செவப்பா இருக்கு. நல்லா இருக்கு.”

“ஆணா, பொண்ணா?”

“பொண்ணு மேடம்.”

“நான் இதோ வரேன்” என்று வைத்துவிட்டார்.

ரிசீவரை வைத்துவிட்டுத் திரும்பினால் பூத்காரர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அப்புறம் கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, “ஏழாவதா அண்ணா? அதுவும் பொண்ணா? பரவால்லண்ணா, மனசத் தளர விடாதீங்க” என்றார். டீக்கடையில் ஒருவர், “பொண்ணுதான்பா கடேசில பாத்துக்கும்” என்று எனக்காகப் பரிந்து பேசினார். எங்கிருந்து ஆரம்பித்து விளக்குவது என்று யோசித்தேன். என் தலை ஆடிவிட்டது. டீக்கு அவர்கள் என்னிடம் காசு வாங்கவில்லை.

மேடம் ஒரு மணி நேரத்தில் வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் தாழ்வாரத்தில் உட்கார்ந்து அந்த ஓட்டையையும் வலையில் இருந்த குளவியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என்னைக் கட்டையைப் பிளக்கச் சொன்னார். உளியை வைத்து மெதுவாகப் பிளந்தேன். கரி அரை விரல் ஆழம்தான் போயிருந்தது. அதற்கும் உள்ளே வெள்ளை மரம், அதில் புழு தின்ற பாதை, பாதையின் முடிவில் காகிதம்போல் ஒரு சின்னக் கூடு, காலி. அதன் பக்கத்தில் புழுவின் கடினமான தலை மட்டும் மிச்சம். “இதுதாங்க” என்றார் மேடம். வேறு எதுவும் சொல்ல அவரால் முடியவில்லை. வாயைத் திறந்தும் காற்று மட்டும் வருவது எனக்குப் பழக்கம் என்பதால், நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

பங்குனிக்குள் எழுதிக் கொடுத்துவிட்டார். பின்னால் தடிமனாக பைண்டு செய்த அந்தப் புத்தகத்தை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டினார். முழுக்க இங்கிலீஷ். அதில் போகியைப் பற்றி இரண்டு வரி இருக்கும் இடத்தை விரல் வைத்துக் காட்டினார். என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, “தலையாட்டினதும் எழுதியிருக்கா மேடம்?” என்று கேட்டாள். எழுதியிருக்கிறது என்றார் மேடம். கொசுவலையைத் திரும்ப வாங்கிக்கொள்ளாமல் போனார். அதன்பிறகு அதற்குள் நாங்கள்தான் தூங்கினோம்.

பல மாதம் கழித்து ஒருநாள் அந்த பூத் வழியாகப் போனேன். பூத்காரர் அடையாளம் கண்டுகொண்டு கூப்பிட்டார்.

“அண்ணா, ஏழாவது எப்படிக் கீறா?”

அவள் தாம்பரத்தில், ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள், பெயர் எழுதிய சீட்டுக்கு மேலே ஊசி குத்தி நிற்கிறாள். வால்கூட ஒடியவில்லை. அதைச் சொல்லலாம் என்றுதான் நின்றேன். அவர் என் முகத்தை நேராகப் பார்த்துக் கேட்டுவிட்டார்.

நான் தலையாட்டினேன்.